பிரகாசம் என்று பெயர் வைத்த பிள்ளைகள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இசையைப் பற்றிப் பேச வேண்டும் என்று விழாக் குழுவினர் நம்மைப் பணித்தனர். அழைப்பிதழிலும் ‘இசையும் நாமும்’ என்று பொதுப்படவே அச்சிட்டிருக்கின்றனர். பண்களைப் பற்றியோ யாழின் வகைகளைப் பற்றியோ கேட்கலாம் என்று எண்ணி வந்த பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும். யாழைப் பற்றி இம்மேடையிலே நம்மினும் கற்றவர் பலர் முன்னரே பேசியிருக்கின்றனர். நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள் வேறு. காஷ்மீரத்து ஸ்ரீநகரில் 2012ஆம் ஆண்டு தோன்றி, 2013ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களின் முதல் வாரத்திலே மறைந்துபோன ஒரு சிறிய இசைக்குழுவின் கதை அது. குழுவில் இருந்தோர் மூவர். மூவரும் பெண்கள்; பத்தாம் வகுப்பு மாணவியர். அவர்கள் மீட்டியது வீணையன்று, கித்தார். தட்டியது மிருதங்கமன்று, டிரம்.

“தங்கவயலில் வாழும் நமக்கும் காஷ்மீரத்துச் சிறுமியர்க்கும் என்னையா தொடர்பு?” என்று முன்வரிசையில் ஒருவர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. தொடர்பு இருக்கிறது. அதைச் சொல்லும்போது நமக்கே சிறிது வெட்கம் உண்டாகும் என்பதால் உரையின் பிற்பகுதிக்குத் தள்ளி வைத்திருக்கிறோம்.

முதலில் அந்த இசை இன்னதென்று விளக்கிவிடுதல் முறை. மேனாட்டு இசையிலே ராக் என்பது ஒரு பெருங்குடும்பம். மின்சாரக் கித்தார் ஒன்று, கீழ்நாதம் தரும் பாஸ் கித்தார் ஒன்று, டிரம் ஒன்று, இவற்றோடு ஒரு குரல். இவ்வளவே அதன் அடிப்படைச் செல்வம். நம் ஊராருக்கு இது முற்றிலும் அயலானதும் அன்று. ஆங்கிலேயர் காலத்தில் இவ்வூரைச் ‘சின்ன இங்கிலாந்து’ என்றே அழைத்தனர். துரைமார்களின் கிளப்பில் நடன இரவுகளில் பேண்டு முழங்க, வேலிக்கு இப்பால் நின்று அதைக் கேட்ட லைன் வீட்டுப் பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் இதோ இந்த அவையிலே அமர்ந்திருக்கின்றனர்.

அந்த ராக் குடும்பத்தின் ஒரு கிளைக்குக் கிரஞ்சு என்று பெயர். 1980களின் பிற்பகுதியில், அமெரிக்க நாட்டின் வடமேற்கு மூலையிலுள்ள சியாட்டில் நகரைச் சுற்றி அது வளர்ந்தது. கிரஞ்சு என்னும் சொல்லுக்கு அழுக்கு, கசடு என்று பொருள். கித்தாரின் ஓசையை வேண்டுமென்றே கரகரக்கச் செய்து, பாடுவோர் குரலைப் பளபளப்பாக்காமல் உள்ளபடியே விட்டு, கட்டம்போட்ட பழஞ்சட்டையோடு மேடையேறிப் பாடினர். நிர்வாணா என்னும் குழு 1991இல் வெளியிட்ட ‘நெவர்மைண்ட்’ என்ற இசைத்தட்டு அவ்விசையை உலகெங்கும் கொண்டு சென்றது. (அயோத்திதாசப் பண்டிதர் காலத்திலேயே மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் கண்ட ஊர் நம் ஊர். நிர்வாணம் என்ற சொல்லைக் கேட்டதும் இவ்வூர் முதியோர் நினைப்பது ஒன்று. பேரப்பிள்ளைகள் நினைப்பது வேறொன்று.) அக்குழுவின் பாடகரான கர்ட் கோபேன், அபர்தீன் என்னும் மரம் அறுக்கும் சிற்றூரிலே பிறந்தவர். அவர் வளர்ந்த காலத்திலே அவ்வூரின் தொழில் நலிந்துகொண்டிருந்தது. தொழில் நலிந்த ஊரிலே இளைஞர் எவ்வாறு வளர்வர் என்பதை, 2001ஆம் ஆண்டு சுரங்கம் மூடக் கண்ட நமக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

அந்தச் சியாட்டிலிலும் ஆடவரே பெரும்பான்மையர். எனினும் 1990இல் நான்கு பெண்கள் கூடி ஒரு குழுவைத் தொடங்கினர். அதன் பெயர் ‘ஏழாண்டு’ என்னும் பொருள்படத் தொடங்கி ஓர் ஆங்கில வசைச்சொல்லில் முடியும். தாய்மார் நிறைந்த இவ்வவையில் அதை முழுதும் உச்சரிக்க நாக் கூசுகிறது. பெண்களை ஏசுவதற்கென்றே ஆடவர் கையாளும் சொல் அது. அதையே எடுத்துத் தம் நெற்றியில் ஒட்டிக்கொண்டனர் அப்பெண்கள். 1992இல் குழுவின் கித்தார்க் கலைஞர் இளவயதிலேயே இறந்தார். அடுத்த ஆண்டு ஜூலைத் திங்களில், அவர்களுடைய தோழியும் கிட்ஸ் என்ற குழுவின் பாடகியுமான மியா ஜபாட்டா, இரவிலே வீடு திரும்பும் வழியில் கொல்லப்பட்டார். குற்றவாளி பிடிபட்டுத் தண்டனை பெறப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்நகரத்துப் பெண் கலைஞர்கள் “இனி இரவில் பாடப் போக மாட்டோம்” என்று வீட்டில் அடைந்துவிடவில்லை. ‘ஹோம் அலைவ்’ என்று ஓர் அமைப்பை நிறுவினர். ‘உயிரோடு வீடு சேர்’ என்று அதைத் தமிழில் சொல்லலாம். தற்காப்புப் பயிற்சியை அங்கே பெண்களுக்குக் கற்பித்தனர். அதற்கு வேண்டிய பொருளை இசை நிகழ்ச்சிகள் நடத்தியே திரட்டினர். நால்வர் குழுவும் இறந்த தோழியின் பெயரைத் தாங்கி 1994இல் ஓர் இசைத்தட்டு வெளியிட்டது. 1997இல் குழு கலைந்தது. பெயரில் வைத்த ஏழாண்டே ஆயுளாகவும் அமைந்தது தற்செயல்தான்.

இனி ஸ்ரீநகருக்கு வருவோம்.

அங்கே அத்னான் மட்டூ என்னும் இசைஞர் ஒருவர் இளையோர்க்கு ராக் இசை கற்பித்து வந்தார். அவரிடம் பயில வந்தவர்களுள் மூன்று சிறுமியர் 2012இல் சேர்ந்து ஒரு குழு அமைத்தனர். ஒருத்தி பாடிக்கொண்டே கித்தார் வாசிப்பாள், இன்னொருத்தி பாஸ் கித்தார், மற்றொருத்தி டிரம். அவர்களுடைய பெயர்கள் அக்காலச் செய்தித்தாள்களில் எல்லாம் வந்தவையே. ஆயினும் அப்போது அவர்கள் பள்ளிப் பிள்ளைகள். அவர்கள் வேண்டாத பெயரை ஊரார் போதுமான அளவு கொடுத்தாயிற்று. நாமும் இங்கே எடுத்துச் சொல்வானேன்?

குழுவுக்கு அவர்கள் இட்ட பெயர் ‘பிரகாஷ்’. நம் காலனியில் லைனுக்கு ஒரு பிரகாஷ் இருப்பதால் இப்பெயர் நமக்கு ஓர் ஆண்பிள்ளையின் பெயராகவே தோன்றும். அவர்கள் கருதியதோ ஒளி. இருளிலிருந்து வெளிச்சத்துக்கு வருதல். நாம் பிரகாசம் என்று வழங்கும் அதே சொல்தான். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து கம்பி வழியே மின்சாரம் வந்து, நாட்டின் பெருநகரங்கள் பலவற்றுக்கும் முன்பாகவே நம் வயல் ஒளி பெற்றது என்று பாட்டன்மார் பெருமை பேசுவரன்றோ? அந்தப் பெருமையோடு கூடிய சொல்லை அச்சிறுமியர் தமக்கு வைத்துக்கொண்டனர்.

2012 டிசம்பரில் ஸ்ரீநகரிலே ஆண்டுதோறும் நடைபெறும் இசைக்குழுப் போட்டியில் அவர்கள் முதன்முறையாக மேடையேறினர். பள்ளத்தாக்கில் ஆடவர் ராக் குழுக்கள் அதற்கு முன்பே இருந்தன. பெண்கள் மட்டுமே கொண்ட குழு என்றால் இதுவே முதலாவது என்று பேசப்பட்டது. சிறந்த நிகழ்ச்சிக்கான பரிசையும் பெற்றனர். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள், முதல் மேடை, முதல் பரிசு. நம் வீட்டுப் பிள்ளையாயின் அன்றிரவு தெருவுக்கே மிட்டாய் கொடுத்திருப்போம்.

அது எந்த டிசம்பர் என்பதையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். அதே திங்களின் 16ஆம் நாள் தில்லியில் ஓடும் பேருந்தில் ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமையால் நாடே கொதித்து எழுந்திருந்தது. பெண்கள் அச்சமின்றி வெளியே நடமாட வேண்டும் என்று தெருத்தெருவாக முழக்கமிட்ட காலம். அந்த முழக்கம் அடங்குமுன்னே, முகநூலில் இம்மூன்று சிறுமியர் மீது வசைமாரி பொழியத் தொடங்கியது. ஒழுக்கம் கெட்டவர்கள் என்றனர் சிலர். ஊரைவிட்டு விரட்ட வேண்டும் என்றனர் சிலர். வாயால் சொல்லவொண்ணாத மிரட்டல்களும் இருந்தன. எழுதியோரில் பலர் தம் முகத்தைக் காட்டவில்லை. முகநூல் என்று பெயர் வைத்துவிட்டு, முகம் மறைத்தோர்க்கு அங்கே இடம் கொடுத்திருப்பதைப் பற்றி வேறொரு நாள் பேசலாம்.

அப்போது அம்மாநிலத்தின் முதலமைச்சராக இருந்த உமர் அப்துல்லா, சிறுமியர்க்கு ஆதரவாகக் கருத்து வெளியிட்டார்; மிரட்டியோர் மீது காவல்துறை நடவடிக்கை எடுக்கும் என்றார். அதன் பின்னர், பிப்ரவரி 3ஆம் நாள், காஷ்மீரின் தலைமை முப்தியாக விளங்கிய பஷீருத்தீன் அகமது ஒரு மார்க்கத் தீர்ப்பு வெளியிட்டார். பெண்கள் இவ்வாறு பாடுவது மார்க்கத்துக்கு ஒவ்வாதது, அதைக் கைவிட வேண்டும் என்பது அதன் சாரம். ஓரிரு நாட்களில் குழு கலைந்துவிட்டது. பெரியவர் கூடாதென்று கூறியபின் விட்டுவிட்டோம் என்ற பொருள்படச் செய்தியாளர்களிடம் அச்சிறுமியர் பேசினர். வழக்குப் பதிவாயிற்று, சிலர் கைதும் ஆயினர். குழு மீண்டும் கூடவில்லை. டிசம்பரில் மேடையேறி, பிப்ரவரியில் முடிந்தது. இடையில் இருந்தவை ஏறத்தாழ ஐம்பது நாட்கள்.

இந்த இடத்திலே பலரும் ஒரு தவறு செய்கின்றனர். “அந்த மார்க்கமே அப்படி, அந்த ஊரே அப்படி” என்று கூறிவிட்டுக் கைகழுவுகின்றனர். அந்த ஊரின் வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. காஷ்மீர மொழியின் பழம்பெரும் பாடல்களைத் தந்தவர்களுள் லல் தேத் என்னும் பெண் துறவி ஒருவர்; பதினான்காம் நூற்றாண்டினர். பதினாறாம் நூற்றாண்டின் ஹப்பா காத்தூன் பாடிய பிரிவுத்துயர்ப் பாடல்களை இன்றும் அப்பள்ளத்தாக்கில் வயல்வேலை செய்யும் பெண்கள் பாடுகின்றனர். நம் காலத்துக்கு அருகில் வந்தாலோ, ராஜ் பேகம் என்ற அம்மையார், 1950களில் ஸ்ரீநகர் வானொலியில் பாடத் தொடங்கினார். பெண் வானொலியில் பாடுவதா என்று அன்றும் பேசியோர் உண்டு. அவர் பாடினார். வீட்டுக்கு வீடு வானொலிப் பெட்டியில் அக்குரலைக் கேட்டனர். 2002இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 2016இல் மறைந்தார். ஆகவே பெண்ணின் பாட்டைக் கேட்டறியாத ஊரன்று அது.

அப்படியாயின் இச்சிறுமியர் ஏன் நிலைக்கவில்லை? ராஜ் பேகத்தின் பின்னால் ஒரு வானொலி நிலையம் இருந்தது. நாள்தோறும் சென்று பாட ஓர் அறை, உடன் வாசிக்கக் கலைஞர்கள், திங்கள்தோறும் ஊதியம், தம்மைப்போன்று பாட வந்த மற்றப் பெண்கள், எல்லாம் அங்கே இருந்தன. இம்மூவருக்கு இருந்தது ஓர் ஆசிரியரும் ஒரு பயிற்சி அறையும். முதலமைச்சரின் ஆதரவு தொலைவிலிருந்து வந்தது. அடுத்த வீட்டாரின் ஆதரவு வந்ததாகத் தெரியவில்லை. போட்டியன்று கைதட்டிய கூட்டம் ஒன்று இருந்திருக்க வேண்டுமல்லவா? பரிசு கொடுத்த நடுவர்கள் இருந்திருக்க வேண்டுமல்லவா? அந்தக் கைகள் பிப்ரவரியில் எங்கே போயின என்பதே நம்மை இன்றும் உறுத்தும் கேள்வி.

காஷ்மீரை விடுவோம். நம் தமிழ்நாட்டில் நடந்தது என்ன? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியையொட்டிக் கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களைக் கொண்டே ஒரு நாடகக் கம்பெனி நடத்தினார். ஆண் வேடத்தையும் பெண்களே தாங்கினர். அந்நாடகங்களைக் காண வருவோர்க்கெனத் தனி இரயிலே விடப்பட்டது என்று நாடக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அத்தனை புகழ் பெற்றவர் பின்னாளில் வறுமையுற்று மறைந்தார் என்பதையும் அந்நூல்களே கூறுகின்றன. இரயில் ஏறி வந்தவர்களுள் ஒருவராவது அவரது இறுதிக்காலத்தில் வந்து பார்த்தாரா என்பதை எந்நூலும் நமக்குச் சொல்லவில்லை.

பின்னர் 1919இல் பிறந்த டி.கே. பட்டம்மாள் அவர்கள், குலப்பெண்கள் அவையிலே பாடலாகாது என்று அவர்தம் சமூகத்தில் இருந்த வழக்கத்தை மீறிக் கச்சேரி மேடை ஏறினார். ராகம் தானம் பல்லவி ஆடவரின் உடைமை என்று கருதப்பட்ட காலத்தில் அதையும் பாடிப் ‘பல்லவி பட்டம்மாள்’ ஆனார். குரலுக்காவது ஒருவாறு வழி விட்டார்கள். தாள வாத்தியத்துக்கு வழி விடுவது அதனினும் அரிதாயிருந்தது. திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள், புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை போன்ற மேதையிடம் பயின்று 1930களிலேயே மிருதங்கம் வாசித்தார். பட்டம்மாளின் பெயரை அறிந்தோர் கையுயர்த்துக என்றால் இவ்வவையில் பாதிக் கைகள் உயரும். ரங்கநாயகி அம்மாளின் பெயருக்கு எத்தனை கைகள் உயரும் என்று நாம் கேட்கப்போவதில்லை. நாமே பிற்காலத்தில்தான் அறிந்துகொண்டோம்.

பெண் பாடினால் கேட்போம். பெண் ஆடினால் பார்ப்போம். பெண் தோலைத் தட்டினால் மட்டும் நமக்கு ஏதோ செய்கிறது. இதற்கு அறிவுக்குப் பொருந்தும் காரணம் ஏதும் இதுவரை நாம் கேட்டதில்லை. “கை வலிக்குமே” என்று ஒரு பெரியவர் இரக்கத்தோடு கூறினார். குடத்தில் நீர் சுமந்து, ஆட்டுக்கல்லில் மாவு அரைத்து, துணி துவைத்த கைகள் அவருடைய இல்லத்திலும் இருந்தன.

இவ்விடத்தில் திண்டுக்கல்லைச் சொல்லாமல் மேற்செல்ல முடியாது. அங்கே அருட்சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழு, 1990களிலிருந்து சிற்றூர்களின் தலித் இளம்பெண்களுக்குப் பறை கற்பித்து மேடையேற்றியது. பறை எது என்று நம் ஊராருக்கு விளக்க வேண்டா. சாவு வீட்டுக்கு உரியது, கீழானது என்று பிறர் ஒதுக்கிய கருவி; அதிலும் ஆடவர்க்கே உரியது என்று நம்மவரே ஒதுக்கிய கருவி. இரண்டு வேலிகளையும் ஒருங்கே தாண்டி அப்பெண்கள் அதைத் தோளில் மாட்டினர். வட்டமிட்டு ஆடிக்கொண்டே அடிக்கும்போது பார்ப்போரின் காலும் தானே அசையும். ஸோயி ஷெரினியன் என்னும் அமெரிக்க இசை ஆய்வாளர் அக்குழுவைப் பற்றி ஆவணப்படமே எடுத்திருக்கிறார். ஐம்பது நாட்களில் கலையாமல் அக்குழு ஆண்டுக்கணக்கில் நிலைத்தது. தங்கியிருந்து பழக ஓர் இடம் இருந்தது. தையல் போன்ற கைத்தொழிலும் கூடவே கற்பிக்கப்பட்டது. ஒருத்தி திருமணமாகிப் போனால் அடுத்தவள் வந்து பறையை எடுப்பாள். ஏச்சு அவர்களுக்கும் வந்திருக்கும். ஏச்சு வரும் நாளில் தனித்து நிற்கவேண்டிய நிலை அங்கே இல்லை.

சரி, நாம் தள்ளி வைத்த செய்திக்கு வந்துவிட்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன் இதே விழாவுக்கு முன்னதாக நம் காலனிப் பெண்கள் நால்வர் விழாக் குழுவிடம் வந்தனர். விடியுமுன் மாரிக்குப்பத்தில் புறப்படும் இரயிலில் பெங்களூர் சென்று, இருட்டியபின் திரும்பும் பிள்ளைகள். இருவர் கல்லூரியில் படித்தனர். ஒருத்தி தையல் ஆலையில் வேலை. ஒருத்தி மருத்துவமனைச் செவிலி. ஞாயிறுதோறும் கூடி கித்தாரும் டிரம்மும் பழகியிருந்தனர். பதினைந்து மணித்துளிகள் கேட்டனர். ஒரு பழைய திரைப்பாடல். மற்றொன்று அவர்களே இயற்றியது, அந்த விடியற்கால இரயிலைப் பற்றியது. விழாக் குழுவில் நாமும் இருந்தோம். மகிழ்ச்சியோடு இசைந்தோம். நிகழ்ச்சி நிரலில் பெயரும் ஏறிற்று.

இரண்டு நாட்களில் பேச்சு கிளம்பியது. “பாடட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? டிரம் எதற்கு?” என்றார் ஒருவர். “கல்யாணம் ஆகவேண்டிய பிள்ளைகள்” என்றார் இன்னொருவர். கைப்பேசியில் காலனிக் குழுவில் ஒரு கேலிப்படம் சுற்றிற்று. அதைப் பார்த்தோர் அனைவரும், நாம் உட்பட, கண்டிக்காமல் கடந்து போனோம். எவரும் தடை விதிக்கவில்லை. தீர்ப்பு எழுதவில்லை. நம் சங்கத்தில் முப்தியும் இல்லை, மடாதிபதியும் இல்லை. நாமெல்லாம் பகுத்தறிவு பேசுவோர். ஆகவே மிக நாகரிகமாக ஒரு வழி கண்டோம். நிரலின் இறுதியில், அந்நால்வரின் நிகழ்ச்சிக்கு எதிரே, ‘நேரமிருப்பின்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தோம். அச்சொல்லை எழுதியது நாமே.

சிறப்பு விருந்தினர் ஒரு மணி நேரம் பேசினார். பின்னர் பரிசளிப்பு. பின்னர் நன்றியுரை, அதற்குள் இரவு பத்து மணி. மேடையின் ஓரத்தில், போர்வை போர்த்திய டிரம்மின் அருகே நால்வரும் மாலை ஆறு மணியிலிருந்து அமர்ந்திருந்தனர். “அடுத்த ஆண்டு முதல் நிகழ்ச்சியே உங்களுடையதுதான் அம்மா” என்று நாம் சொன்னோம். ஒருத்தியின் தந்தை, சுரங்கத்தில் வேலை பார்த்தவர், ஒன்றும் பேசாமல் டிரம்மைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார். அடுத்த ஆண்டு அவர்கள் கேட்க வரவில்லை. நாமும் போய் அழைக்கவில்லை.

காஷ்மீரத்துச் செய்தியை முன்பே படித்திருந்தோம். படித்த அன்று வருந்தினோம். நண்பர்களிடம் அதைக் கண்டித்துப் பேசியும் இருக்கிறோம். ‘நேரமிருப்பின்’ என்று எழுதியபோது அது நினைவுக்கு வரவில்லை. அண்மையில் பழைய விழா மலர்களை அடுக்கும்போது அந்த நிரல் கண்ணில் பட்டது. அப்போதுதான் இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தோம். அதன் விளைவே இந்தச் சொற்பொழிவு.

அந்நால்வரில் இருவர் திருமணமாகி வெளியூர் சென்றுவிட்டனர். ஒருத்தி அயல்நாட்டில் செவிலியாக இருக்கிறாள். ஒருத்தி மட்டும் இன்றும் அதே இரயிலில் போய் வருகிறாள். சென்ற திங்கள் மாரிக்குப்பம் நிலையத்தில் அவளைக் கண்டு, “அந்த இரயில் பாட்டை இந்த ஆண்டு விழாவில் பாடுகிறாயா அம்மா?” என்று கேட்டோம். அவள் சிரித்துவிட்டு, “இப்போ நேரம் இருக்கா மாமா?” என்றாள். அதற்குமேல் கேட்க நமக்கு வாய் வரவில்லை. வண்டியும் புறப்பட்டுவிட்டது. பின்னர் அவளே நம் இல்லம் தேடி வந்தாள். தான் பாடுவதற்கில்லை என்றும், காலனியில் டிரம் பழக ஆசைப்படும் சிறு பெண்கள் ஐந்தாறு பேர் இருக்கின்றனர், வீட்டுக்குப் பயந்து கேளாமல் இருக்கின்றனர், இடம் கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் தான் வந்து சொல்லித் தருவதாகவும் கூறினாள்.

செயற்குழு இதற்கு இசைந்துவிட்டது. சங்கக் கட்டடத்தின் பின்னறை ஞாயிறு மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை அவர்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. திறவுகோல் செயலாளரிடம் உள்ளது. பிள்ளைகளோடு உடனிருக்கத் தாய்மார் இருவர் முன்வந்துள்ளனர். இன்னும் இருவராவது வேண்டும். வேடிக்கை பார்ப்பதற்கும் குறை சொல்வதற்கும் வருவோரை வாயிலில் நிறுத்தி வைக்கும் பணியை நாம் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். அந்தப் பழைய டிரம் இன்னும் அவ்வீட்டுப் பரணில்தான் இருக்கிறது; தருவதாக அவள் தந்தையார் சொல்லிவிட்டார். ஒரு பக்கத்துத் தோல் மட்டும் கிழிந்திருக்கிறது. பெங்களூர் செல்வோர் எவரேனும் அளவைக் கேட்டறிந்து புதியதொன்று வாங்கி வந்தால், விலையைச் சங்கம் கொடுத்துவிடும்.